பனிச்சரிவு: எச்சரித்த பிறகு யார் பொறுப்பு?

2025-ஆம் ஆண்டு பிப்ரவரி 27-ஆம் தேதி மாலை 5 மணிக்கு, சண்டீகரிலிருந்து இயங்கும் பாதுகாப்புப் புவித்தகவலியல் ஆராய்ச்சி நிறுவனம் ஓர் எச்சரிக்கையை வெளியிட்டது. உத்தரகண்ட் மாநிலத்தின் சமோலி, உத்தரகாசி, ருத்ரபிரயாக், பித்தோராகட், பாகேஸ்வர் ஆகிய மாவட்டங்களில் 2,400 மீட்டருக்கு மேற்பட்ட பகுதிகளில் அடுத்த 24 மணி நேரத்துக்குள் பனிச்சரிவு ஏற்படக்கூடும் என்பதே அதன் சாரம். மறுநாள் அதிகாலை, சமோலி மாவட்டத்தில் பத்ரிநாத்துக்கும் மாணா கிராமத்துக்கும் இடையே, சுமார் 3,200 மீட்டர் உயரத்தில் இருந்த எல்லைச் சாலைகள் அமைப்பின் தொழிலாளர் முகாம் மீது பனி சரிந்து விழுந்தது. 54 தொழிலாளர்கள் சிக்கிக்கொண்டனர். மூன்று நாள் நீடித்த மீட்புப் பணியில் 46 பேர் உயிருடன் மீட்கப்பட்டனர். எட்டுப் பேர் உயிரிழந்தனர்.

எச்சரிக்கைக்கும் விபத்துக்கும் இடையே ஓர் இரவு முழுவதும் இருந்தது. அந்த இரவில் அந்த எச்சரிக்கை எந்தெந்த மேசைகளுக்குச் சென்றது, யார் அதைப் படித்தார்கள், படித்தவருக்கு முகாமைக் காலி செய்ய உத்தரவிடும் அதிகாரம் இருந்ததா, இல்லையெனில் அந்த அதிகாரம் யாரிடம் இருந்தது? மாணா விபத்து எழுப்பும் கேள்விகள் இவைதாம். ஆனால், விபத்து நடந்த சில நாள்களில் மீட்புப் படையினரின் துணிவும், இரும்புப் பெட்டகங்களுக்குள் உறங்கியதால் பலர் மூச்சுவிட இடம் கிடைத்து உயிர் தப்பிய அதிசயமும் பேசப்பட்ட அளவுக்கு இந்தக் கேள்விகள் பேசப்படவில்லை.

பனிச்சரிவை இயற்கையின் சீற்றம் என்று சொல்லி முடித்துவிடுவது நம் நிர்வாகத்தின் பழக்கம். நிலநடுக்கத்துக்கு அந்தச் சொல் பொருந்தலாம். பனிச்சரிவுக்கு முழுமையாகப் பொருந்தாது. எந்தச் சரிவு, எந்த மணி, எந்த நிமிடம் என்று எவராலும் சொல்ல இயலாது என்பது உண்மையே. ஆனால், எந்த மலைச்சரிவுகள் ஆபத்தானவை, எந்த நாள்களில் அங்கே கால் வைக்கக் கூடாது என்பதைக் கணிக்கும் அறிவு முக்கால் நூற்றாண்டுக்கு மேலாக உலகில் இருக்கிறது. இந்தியாவிலும் அரை நூற்றாண்டைத் தாண்டிவிட்டது.

அந்தக் கணிப்பு எப்படி நடக்கிறது என்பதைச் சமவெளியில் வாழும் நாம் சற்றே அறிந்துகொள்வது நல்லது. அப்போதுதான் "எதிர்பாராத விபத்து" என்ற சொல்லை எடைபோட முடியும்.

முதலாவது, மலையின் சாய்வு. பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 பாகை முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளில்தான் தொடங்குகின்றன. அதைவிடச் செங்குத்தான இடங்களில் பனி தங்குவதில்லை, அவ்வப்போது உதிர்ந்துவிடுகிறது. அதைவிடத் தட்டையான இடங்களில் பனி நகர்வதில்லை. ஆகவே எங்கே பனி புறப்படும், எந்த ஓடை வழியாக இறங்கும், எதுவரை பாயும் என்பதை நிலப்படத்திலேயே குறித்துவிடலாம். இது ஆண்டுக்காண்டு மாறுவதில்லை. கோடையில் வரைந்து வைத்துக்கொள்ள வேண்டிய படம் இது.

இரண்டாவது, வானிலை. மத்தியதரைக்கடல் பக்கமிருந்து குளிர்காலத்தில் கிழக்கு நோக்கி வரும் காற்றுச் சுழற்சிகளை வானிலையாளர்கள் "மேற்கத்திய இடையூறு" என்கின்றனர். இமயத்தின் மேற்குப் பகுதியில் விழும் குளிர்காலப் பனியில் பெரும்பங்கு இவற்றால் வருவது. ஓரிரு நாளில் ஓர் ஆள் உயரத்துக்குப் புதுப்பனி விழுந்தாலோ, பலத்த காற்று மலையின் ஒரு பக்கத்துப் பனியை வாரி மறுபக்கத்தில் குவித்தாலோ, திடீரென வெப்பம் ஏறினாலோ ஆபத்து பெருகும்.

மூன்றாவது, பலரும் அறியாதது: பனிக்குள்ளேயே இருக்கும் அடுக்குகள். மலைமீது கிடக்கும் பனி ஒரே கட்டியாக இருப்பதில்லை. ஒவ்வொரு பொழிவும் ஓர் அடுக்கு. குளிர்காலத்தின் தொடக்கத்தில் சிறிதளவு பனி விழுந்து, பின்னர் வாரக்கணக்கில் வானம் வறண்டு கடுங்குளிர் அடித்தால், அந்த அடிப்பனி ஒன்றோடொன்று ஒட்டாத சர்க்கரைப் பரல்கள் போல மாறிவிடுகிறது. அதன்மீது பிற்பாடு கனமான பனி விழுந்தால், மணல் பரப்பிய சாய்தளத்தின் மேல் கற்பலகையை வைத்ததற்கு ஒப்பாகும். ஓர் ஆளின் எடை, சில வேளை அதுவும் வேண்டாம், மேலும் சிறிது பனி விழுந்தாலே பலகை நழுவிவிடும்.

இதைக் கண்டறியச் செயற்கைக்கோள் மட்டும் போதாது. பயிற்சி பெற்ற ஒருவர் மண்வெட்டியால் பனியில் குழி தோண்டி, அடுக்குகளைத் தொட்டுப் பார்த்து, ஒவ்வொரு அடுக்கின் வெப்பநிலையையும் இறுக்கத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். தனித் தூணாக வெட்டிய பனியின் மேல் கையால் தட்டி, எத்தனையாவது தட்டில், எந்த ஆழத்தில் அது உடைந்து நழுவுகிறது என்று பார்க்க வேண்டும். இந்தச் சோதனைகளின் முடிவும் வானிலைக் கணிப்பும் நிலப்படமும் சேர்ந்ததே பனிச்சரிவு எச்சரிக்கை. உலகின் பல நாடுகளில் அது ஐந்து நிலைகளாகத் தரப்படுகிறது. நம் நாட்டிலும் எண்களாலும் நிறங்களாலும் ஆபத்தின் அளவு சொல்லப்படுகிறது.

இந்த ஐந்தில் மூன்றாம் நிலையைப் பலர் "நடுத்தரம்தானே" என்று எண்ணி அலட்சியம் செய்கின்றனர். சுவிட்சர்லாந்தின் அனுபவம் வேறு. அங்கே பனிச்சரிவில் உயிரிழப்போரில் ஏறத்தாழப் பாதிப்பேர் மூன்றாம் நிலை அறிவிக்கப்பட்ட நாள்களிலேயே இறக்கின்றனர். ஐந்தாம் நிலை என்றால் எல்லோரும் வீட்டில் இருந்துவிடுகின்றனர். மூன்று என்றால் துணிந்து புறப்பட்டுவிடுகின்றனர். எச்சரிக்கையின் எண்ணைச் சொல்வது மட்டும் போதாது. அந்த எண்ணுக்கு என்ன செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

இந்தியாவில் இத்துறையின் தொடக்கம் 1969. பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு நிறுவனத்தின்கீழ் பனி மற்றும் பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் அந்த ஆண்டு மணாலியில் அமைக்கப்பட்டது. 2020-இல் அது மற்றொரு நிலவியல் ஆய்வுக்கூடத்துடன் இணைக்கப்பட்டு, இன்றைய பாதுகாப்புப் புவித்தகவலியல் ஆராய்ச்சி நிறுவனமாக உருமாறியது. காஷ்மீர், லடாக், இமாசலம், உத்தரகண்ட், சிக்கிம், அருணாசலம் எனப் பரந்த மலைநாட்டில் ராணுவத்துக்கு வழிகாட்டுவதே அதன் முதற்பணி. 2022-இல் ராணுவத்துடன் சேர்ந்து வடசிக்கிமில் அது நிறுவிய ரேடார், பனிச்சரிவு புறப்பட்ட மூன்று விநாடிக்குள் அதைக் கண்டறிந்துவிடும் திறன் கொண்டது. ஆகவே அறிவியலில் நாம் வெறுங்கையர் அல்லர்.

அப்படியிருந்தும் இறப்புகள் தொடர்கின்றன. தமிழ் வாசகர்களுக்கு இதில் நேரடித் துயரம் ஒன்று உண்டு. 2016 பிப்ரவரி 3-ஆம் தேதி, சியாச்சினில் 19,600 அடி உயரத்தில் இருந்த சோனம் காவல் நிலையின் மீது பனிச்சுவர் சரிந்தது. புதையுண்ட பத்து வீரர்களும் மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19-ஆவது படைப்பிரிவில் பணியாற்றியவர்கள். அவர்களில் நால்வர் தமிழகத்தின் வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். ஆறு நாள்களுக்குப் பிறகு, 25 அடிக்கு மேற்பட்ட பனிக்கு அடியிலிருந்து கர்நாடகத்தின் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பட் உயிருடன் மீட்கப்பட்டபோது நாடே வியந்தது. தலைநகரின் ராணுவ மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட அவர் பிப்ரவரி 11-ஆம் தேதி மறைந்தார். பனியையே பார்த்திராத ஊர்களுக்குப் பனியில் உறைந்த உடல்கள் சென்று சேர்ந்தன.

சியாச்சின் இறப்பையும் மாணா இறப்பையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. 1984 ஏப்ரலில் இந்திய ராணுவம் அந்தப் பனியாற்றின் மேடுகளைக் கைப்பற்றியது முதல், காவல் நிலைகளைக் கைவிடுவதா கூடாதா என்பது நாட்டின் அரசியல், ராணுவ முடிவாக இருந்து வருகிறது. 1984 முதல் 2015 இறுதிவரை இயற்கைச் சூழலால் அங்கே 869 ராணுவத்தினர் இறந்ததாக அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்திருக்கிறது. எல்லைக்கு அப்பாலும் கதை வேறில்லை. 2012 ஏப்ரலில் கயாரி என்னுமிடத்தில் பாகிஸ்தான் படைமுகாம் ஒன்று பனியில் புதைந்து 140 பேர் மாண்டனர். இந்த விலை தகுமா என்பது தனி விவாதம். ஆனால், காவல் நிலையில் நிற்கும் வீரர், ஆபத்தை அறிந்தே அங்கே நிறுத்தப்படுகிறார். அவருக்குப் பயிற்சியும் கருவியும் தரப்படுகின்றன. எச்சரிக்கை வந்தால் கட்டளைச் சங்கிலி ஒன்று இயங்குகிறது.

மாணாவில் உறங்கிக்கொண்டிருந்தவர்களின் நிலை அதுவா? பிகார், உத்தரப் பிரதேசம், இமாசலம், ஜம்மு-காஷ்மீர், உத்தரகண்ட் ஆகிய பகுதிகளிலிருந்து கூலிக்கு வந்தவர்கள் அவர்கள். சாலையில் விழும் பனியை அகற்றுவது அவர்களது வேலை. காத்து நிற்க வேண்டிய காவல் நிலை எதுவும் அவர்கள் பொறுப்பில் இல்லை. ஓர் இரவு வேறிடத்தில் தங்கியிருந்தால் நாட்டின் பாதுகாப்புக்கு எந்தக் குறையும் நேர்ந்திராது. ஆபத்தை ஏற்றுக்கொள்ளும் முடிவை அவர்கள் எடுக்கவில்லை. அவர்களுக்காக வேறு யாரும் எடுத்ததாகவும் தெரியவில்லை. முடிவே எடுக்கப்படாமல் ஆபத்து ஏற்கப்பட்டிருக்கிறது என்பதே இதில் மிகவும் வேதனைக்குரியது.

அதுவும் சமோலி மாவட்டத்துக்கு இது முதல் பாடம் அன்று. 2021 ஏப்ரல் 23-ஆம் தேதி அதே மாவட்டத்தின் நீதி பள்ளத்தாக்கில், சும்னா அருகே எல்லைச் சாலைகள் அமைப்பின் முகாம் பனிச்சரிவில் சிக்கியது. 384 பேரை ராணுவம் மீட்டது. பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதற்கு இரண்டரை மாதம் முன்பு, பிப்ரவரி 7-ஆம் தேதி, ரோந்தி சிகரத்திலிருந்து பாறையும் பனிக்கட்டியும் பெயர்ந்து ரிஷிகங்கா பள்ளத்தாக்கில் பாய்ந்ததில் நீர்மின் திட்டங்களில் வேலை செய்தவர்கள் உட்பட 200-க்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமற்போயினர். பின்னது வேறுவகைப் பேரிடர். கணிப்பதற்கு மேலும் கடினமானது. ஆனால், மூன்றிலும் சிக்கியவர்களில் பெரும்பாலோர் ஒரே வர்க்கத்தினர்: மலையை அறியாத, ஒப்பந்ததாரர் காட்டிய இடத்தில் படுத்துறங்கும் தொழிலாளர்கள்.

மலையை அறிந்தவர்களுக்கும் பாதுகாப்பு இல்லை என்பதை 2022 அக்டோபர் 4-ஆம் தேதி உணர்த்தியது. உத்தரகாசியின் திரௌபதி கா தண்டா சிகரத்தில், மலையேற்றப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த குழுவினர் பனிச்சரிவில் சிக்கினர். 27 உடல்கள் மீட்கப்பட்டன. இருவர் கிடைக்கவே இல்லை. சுற்றுலாப் பயணிகளும் தப்பவில்லை. 2023 ஏப்ரல் 4-ஆம் தேதி சிக்கிமில் நாதுலா செல்லும் சாலையோரம் பனியில் விளையாடிக்கொண்டிருந்தவர்கள் மீது சரிவு விழுந்து ஏழு பேர் இறந்தனர். கிராமத்தவரின் கதை இன்னும் பழையது. 2005 பிப்ரவரியில் தென் காஷ்மீரின் வால்டெங்கு நார் கிராமம் பனியில் புதைந்தபோது 150-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

வீரர், தொழிலாளி, மாணவர், பயணி, கிராமவாசி என இவர்கள் ஐவகையினர். இவர்களுக்கான எச்சரிக்கையை ஒரே நிறுவனம் தயாரிக்கிறது. அதன்பேரில் செயல்பட வேண்டியவர்களோ பலர். கணிப்பு பாதுகாப்பு அமைச்சகத்தின் ஆய்வுக்கூடத்திலிருந்து வருகிறது. பனிப்பொழிவு முன்னறிவிப்பு புவி அறிவியல் அமைச்சகத்தின்கீழ் உள்ள வானிலைத் துறையிலிருந்து வருகிறது. பேரிடர் மேலாண்மை உள்துறை அமைச்சகத்தின் பொறுப்பு. எல்லைச் சாலைகள் அமைப்பு பாதுகாப்பு அமைச்சகத்தைச் சேர்ந்தது. தொழிலாளரை வேலைக்கு வைப்பவர் ஒப்பந்ததாரர். மக்களை வெளியேற்றும் அதிகாரம் மாவட்ட ஆட்சியருக்கு. இத்தனை கைகளுக்கு இடையே ஓர் எச்சரிக்கை நழுவி விழுவதற்கு நிறைய இடைவெளி இருக்கிறது.

சட்டம் இல்லை என்றும் சொல்ல முடியாது. 2005-இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. 2009 ஜூனில் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் நிலச்சரிவு, பனிச்சரிவு ஆகியவற்றுக்கெனத் தனி வழிகாட்டுநெறிகளை வெளியிட்டது. நிவாரண நிதி பெறத் தகுதியுள்ள பேரிடர்களின் பட்டியலில் பனிச்சரிவு இடம்பெற்றிருக்கிறது. அதாவது, இறந்த பிறகு இழப்பீடு தருவதற்கான விதி தெளிவாக இருக்கிறது. இறப்பதற்கு முன் முகாமைக் காலி செய்ய வேண்டியவர் யார் என்ற விதி அந்தத் தெளிவோடு இல்லை. வழிகாட்டுநெறி என்பது பின்பற்றினால் நல்லது என்னும் அளவிலேயே நிற்கிறது. பின்பற்றாதவரை யாரும் கேட்பதில்லை.

இதைக் கேட்க வேண்டிய இடம் நாடாளுமன்றம். மாணா விபத்து நடந்தபோது பட்ஜெட் கூட்டத்தொடர் இடைவேளையில் இருந்தது. மார்ச் 10-ஆம் தேதி அவைகள் மீண்டும் கூடின. மார்ச் 25-ஆம் தேதி மாநிலங்களவை, பேரிடர் மேலாண்மைச் சட்டத் திருத்த மசோதாவை நிறைவேற்றியது. மக்களவை அதை முந்தைய டிசம்பரிலேயே நிறைவேற்றியிருந்தது. எட்டுத் தொழிலாளர்கள் இறந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், பேரிடர் பற்றிய சட்டமே அவையின் முன் இருந்தது. எச்சரிக்கையைச் செயலாக மாற்றும் கடமையை யார்மீது சுமத்துவது என்பதைச் சட்டத்திலேயே எழுதிவைக்க இதைவிடப் பொருத்தமான தருணம் வாய்த்திருக்காது. மசோதா நிறைவேறியது, அந்தக் கடமை எழுதப்படவில்லை.

செய்தியாளர் மாடத்தில் ஆண்டுக்கணக்கில் அமர்ந்து பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். விபத்துக்குப் பிறகு அவையில் வைக்கப்படும் அறிக்கைகளுக்கு ஒரு மாறாத வரிசை உண்டு. முதலில் இரங்கல், பிறகு மீட்புப் பணியில் ஈடுபட்ட படைகளின் எண்ணிக்கை, பிறகு இழப்பீட்டுத் தொகை, இறுதியில், எதிர்காலத்தில் இத்தகைய நிகழ்வுகளைத் தவிர்க்க நடவடிக்கை எடுக்கப்படும் என்ற உறுதி. உறுப்பினர்களின் கேள்விகளும் பெரும்பாலும் எத்தனை பேர் இறந்தனர், எவ்வளவு தொகை வழங்கப்பட்டது என்பதோடு நின்றுவிடுகின்றன. எச்சரிக்கை எத்தனை மணிக்குக் கிடைத்தது, கிடைத்தவர் என்ன செய்தார் என்ற கேள்வி அரிதாகவே எழுகிறது. ஆளும் கட்சி, எதிர்க்கட்சி என்ற வேறுபாடு இதில் இல்லை. எந்த ஆட்சியிலும் இப்படித்தான் நடந்திருக்கிறது.

மீட்புப் பணியைப் புகழ்வதில் தவறில்லை. ஆனால், மீட்பையே கொள்கையாகக் கொள்ள முடியாது என்பதைப் பனியின் கணக்கு சொல்கிறது. ஐரோப்பிய ஆய்வுகளின்படி, பனியில் முழுமையாகப் புதைந்தவரைக் கால் மணி நேரத்துக்குள் வெளியே எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கின்றனர். முப்பத்தைந்து நிமிடமானால் பத்தில் மூன்று பேரே பிழைக்கின்றனர். மூச்சுத்திணறல் அவ்வளவு விரைவாகக் கொல்கிறது. மாணாவில் வானிலை மோசமாக இருந்ததால் ஹெலிகாப்டர்கள் பறக்க அடுத்த நாள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தலைநகரிலிருந்தோ மாநிலத் தலைநகரிலிருந்தோ புறப்படும் எந்த மீட்புப் படையும் கால் மணி நேரத்துக்குள் போய்ச் சேராது. ஹனுமந்தப்பா ஆறு நாள் உயிரோடிருந்ததும், மாணாவில் இரும்புப் பெட்டகங்கள் பலரைக் காத்ததும் விதிவிலக்குகள். விதிவிலக்கை நம்பி முகாம் அமைக்கக் கூடாது.

இதற்கு அதிகாரிகள் தரப்பில் சொல்லப்படும் எதிர்வாதங்களையும் ஒதுக்கிவிட முடியாது. மாவட்ட அளவில் வரும் எச்சரிக்கை பல நூறு சதுர கிலோமீட்டருக்குப் பொதுவானது. ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் வேலையை நிறுத்தினால் குளிர்காலம் முழுவதும் சாலைகள் மூடியே கிடக்கும். எல்லைக்குப் பொருள் போகாது. அடிவாரக் கிராமத்தில் பிரசவ வலி கண்ட பெண் மருத்துவமனைக்கு வர முடியாது. எச்சரித்தும் பனி சரியாத நாள்கள் பல இருக்கும். அதனால் எச்சரிக்கையின் மதிப்பே குறைந்துவிடும் என்பதும் ஒரு வாதம்.

இவை உண்மையான இடர்ப்பாடுகள். ஆனால், இவை எச்சரிக்கையை மேலும் நுணுக்கமாக்குவதற்கான காரணங்களே தவிர, அதைப் புறக்கணிப்பதற்கான காரணங்கள் அல்ல. சுவிட்சர்லாந்தின் டாவோஸில் உள்ள ஆய்வு நிறுவனம் 1945 முதல் பனிச்சரிவு அறிக்கை வெளியிடுகிறது. இப்போது குளிர்காலத்தில் நாளுக்கு இருமுறை, மாலை 5 மணிக்கும் காலை 8 மணிக்கும், மலைத்தொடரின் சிறுசிறு பகுதிக்கும் தனித்தனியாக அது வருகிறது. எந்தத் திசை நோக்கிய சரிவு, எந்த உயரத்துக்கு மேல், எந்தவகை ஆபத்து என்பதுவரை அதில் இருக்கும். அதைப் படித்து, இந்தச் சாலையை மூடு, அந்தத் தெருவைக் காலி செய் என்று முடிவெடுக்க உள்ளூர் அளவில் குழுக்கள் உள்ளன. ஊர்க்காரர்களே அவற்றில் இருப்பதால், எந்த ஓடையில் எந்த ஆண்டு பனி இறங்கியது என்பது அவர்களுக்குத் தெரியும்.

அந்த நாடுகளும் இதை எளிதில் கற்கவில்லை. 1950-51 குளிர்காலத்தில் சுவிட்சர்லாந்தில் 98 பேர் பனிச்சரிவில் மாண்ட பிறகே ஆபத்துப் பகுதிகளை வரையறுக்கும் பணி அங்கே தீவிரமடைந்தது. அதன் பிறகும் தவறுகள் நேர்ந்தன. 1999 பிப்ரவரி 23-ஆம் தேதி ஆஸ்திரியாவின் கால்டூர் கிராமத்தில் 31 பேர் இறந்தபோது, பனி பாய்ந்த பகுதியில் ஒரு பங்கு, பாதுகாப்பானது என்று நிலப்படத்தில் பச்சை வண்ணம் தீட்டப்பட்டிருந்த இடம். அவர்கள் நிலப்படத்தைத் திருத்தினார்கள், தடுப்புச்சுவர் எழுப்பினார்கள், என்ன தவறு நடந்தது என்பதை வெளிப்படையாக எழுதினார்கள். நம்மிடம் சும்னா விபத்துக்குப் பின் என்ன திருத்தப்பட்டது? திருத்தப்பட்டிருந்தால், நான்கு ஆண்டுகளுக்குள் அதே மாவட்டத்தில், அதே அமைப்பின் மற்றொரு முகாம் பனி பாயும் இடத்தில் எப்படி அமைந்தது?

எச்சரிக்கையைக் கட்டாயச் செயலாக மாற்றுவது நம் நாட்டுக்குப் புதிதும் அன்று. துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண்ணைப் பார்த்தே தமிழகக் கடலோர மக்கள் ஆபத்தின் அளவை அறிவர். புயல் எச்சரிக்கை வந்தால் விசைப்படகுகளுக்கு மீன்வளத் துறை அனுமதிச் சீட்டு வழங்குவதை நிறுத்திவிடுகிறது. சீட்டு இல்லையேல் படகு புறப்படக் கூடாது. கடலுக்குப் போவதா வேண்டாமா என்பதை விசைப்படகுத் தொழிலாளியின் துணிச்சலுக்கு விட்டுவிடுவதில்லை. இந்த ஏற்பாட்டிலும் ஓட்டைகள் உண்டு. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது, பல நாள் முன்பே ஆழ்கடலுக்குச் சென்றிருந்த குமரி மாவட்ட மீனவர்களுக்கு எச்சரிக்கை எட்டவே இல்லை. ஆனாலும், கரையில் இருப்பவரைத் தடுத்து நிறுத்த ஓர் அலுவலரும் ஒரு சீட்டும் இருக்கின்றன. மலையில் அந்தச் சீட்டைக் கொடுப்பவரும் இல்லை, மறுப்பவரும் இல்லை.

என்ன செய்ய வேண்டும் என்பதும் கடினமானதன்று. முதலாவதாக, எச்சரிக்கையின் ஒவ்வொரு நிலைக்கும் உரிய கடமை சட்டப்படி வரையறுக்கப்பட வேண்டும். இந்த நிலை அறிவிக்கப்பட்டால், இத்தனை மணி நேரத்துக்குள், இன்ன பதவியில் இருப்பவர் முகாமைக் காலி செய்ய வேண்டும். செய்யாவிட்டால் அதற்கான காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். எழுத்தில் பதிய வேண்டும் என்ற ஒரு விதியே பல உயிர்களைக் காக்கும். தன் பெயரில் காரணம் எழுத வேண்டிய அதிகாரி, இரவோடிரவாக லாரிகளை வரவழைப்பார்.

இரண்டாவதாக, பனி பாயும் வழியில் குளிர்காலத்தில் எவரும் தங்கக் கூடாது. ஒவ்வொரு குளிர்காலம் தொடங்குமுன்பும் ஒவ்வொரு தொழிலாளர் முகாமின் இடத்தையும் பனிச்சரிவு நிபுணர் பார்வையிட்டுச் சான்றளிக்க வேண்டும். சான்றில்லாத முகாமுக்கு ஒப்பந்தத் தொகை வழங்கக் கூடாது. மூன்றாவதாக, எச்சரிக்கை முகாமில் உறங்குபவருக்கே எட்ட வேண்டும். மேலதிகாரியின் கைப்பேசியோடு அது நின்றுவிடக் கூடாது. அவர் அறிந்த மொழியில், முகாமின் நடுவே ஒரு கொடியாகவோ விளக்காகவோ அது தெரிய வேண்டும். ஆபத்து என்று அறிந்த தொழிலாளி, கூலியை இழக்காமல் வேலைக்குச் செல்ல மறுக்கும் உரிமையும் அவருக்கு வேண்டும்.

நான்காவதாக, ராணுவத் தேவைக்காக உருவான கணிப்பு அமைப்புடன், குடிமக்களுக்கென ஒரு கிளை வளர்க்கப்பட வேண்டும். உள்ளூர் இளைஞர்களுக்குப் பனிக்குழி தோண்டிச் சோதிக்கும் பயிற்சி அளித்தால், கணிப்பு நுணுக்கமாகும். மலைக்கிராமங்களுக்குக் குளிர்கால வருமானமும் கிடைக்கும். ஐந்தாவதாக, பனிச்சரிவில் குடிமக்கள் இறக்கும் ஒவ்வொரு நிகழ்வின் விசாரணை அறிக்கையும் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். எச்சரிக்கை வந்த நேரமும் அதன்பின் நடந்தவையும் மணிவாரியாக அதில் இருக்க வேண்டும். பாதுகாப்பு, உள்துறை ஆகிய இரு நிலைக்குழுக்களும் இதைச் சேர்ந்தே ஆராயலாம். ராணுவ ரகசியம் என்று சொல்லித் தப்பிக்க இதில் எதுவும் இல்லை. பனிக்கு எதிரி நாடு, நட்பு நாடு என்ற பேதம் கிடையாது.

இதைத் தள்ளிப்போட முடியாததற்குக் காரணம் உண்டு. குளிர்கால இமயத்தில் மனித நடமாட்டம் முன்னெப்போதையும்விடப் பெருகி வருகிறது. 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதை, பனிக்காலத்தில் ஆறு மாதம் துண்டிக்கப்பட்டுக் கிடந்த லாஹௌல் பள்ளத்தாக்கை ஆண்டு முழுவதும் திறந்துவிட்டிருக்கிறது. 2025 ஜனவரியில் சோன்மார்க் சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. 2023-இல் தொடங்கிய "துடிப்பான கிராமங்கள்" திட்டம் எல்லையோரக் கிராமங்களுக்குச் சாலையும் சுற்றுலாவும் கொண்டுசெல்கிறது. மாணா விபத்து நடந்து ஒரு வாரம் நிறைவதற்குள், மார்ச் 6-ஆம் தேதி, பிரதமர் உத்தரகாசியின் ஹர்சில் பகுதிக்குச் சென்று குளிர்காலச் சுற்றுலாவை ஊக்குவித்துப் பேசினார். இவை எவையும் தவறானவை அல்ல. மலை மக்களுக்குச் சாலை வேண்டும், பிழைப்பு வேண்டும், மருத்துவமனை வேண்டும். ஆனால், குளிர்காலத்தில் மலைக்கு ஆளை அழைக்கும் அரசு, அங்கே அவர் உறங்கும் இடம் பாதுகாப்பானதா என்பதற்கும் பொறுப்பேற்க வேண்டும்.

பருவநிலை மாற்றம் இந்தப் பொறுப்பை மேலும் கனமாக்குகிறது. பனிக்காலத்தின் நடுவே வெப்பம் ஏறுவதும், பனிக்குப் பதில் மழை பெய்வதும், நீண்ட வறட்சிக்குப் பின் ஒரே மூச்சில் பெரும்பனி கொட்டுவதும் பனி அடுக்குகளைக் குலைக்கின்றன. பாட்டன் காலத்து அனுபவத்தை மட்டும் நம்பி, இந்த இடத்தில் பனி விழாது என்று சொல்லும் காலம் கடந்துகொண்டிருக்கிறது.

மாணாவில் மாலை 5 மணிக்கு வந்த எச்சரிக்கை பொய்க்கவில்லை. விஞ்ஞானிகள் தங்கள் வேலையைச் செய்தனர். மறுநாள் முதல் ராணுவத்தினரும் மீட்புப் படையினரும் தங்கள் வேலையைச் செய்தனர். இடைப்பட்ட அந்த இரவுக்கு உரிய வேலை யாருடையது என்பதை நாட்டின் சட்டம் இன்னும் சொல்லவில்லை. ஆண்டுதோறும் ஜனவரி இறுதியில் தொடங்கி ஏப்ரல் வரை நீளும் பட்ஜெட் கூட்டத்தொடரின் காலமும் இமயத்தில் பனி சரியும் காலமும் ஏறத்தாழ ஒன்றே. அடுத்த இரங்கல் அறிக்கையைக் கேட்பதற்கு முன், அந்த ஓர் இரவின் பொறுப்பாளரைப் பெயர் குறித்துச் சட்டத்தில் எழுதிவைக்குமாறு உறுப்பினர்கள் அரசைக் கேட்க வேண்டும். வேலூருக்கும் தேனிக்கும் மதுரைக்கும் கிருஷ்ணகிரிக்கும் உடல்கள் வந்திறங்கியதைப் பார்த்த தமிழக உறுப்பினர்கள் அந்தக் கேள்வியை முதலில் எழுப்பினால் அது பொருத்தமாக இருக்கும்.